மொட்டை மனுவில் ஒரு சம்பளம்

காலை 9.40.

நடுவரின் அறையைப் பெருக்க வந்த வேலுத்தாய், சட்டப் புத்தக அலமாரியின் அடித்தட்டில் ஒரு பட்டாசு கிப்ட் பாக்ஸைப் பார்த்தார். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். சிவகாசிப் பக்கம் அந்தச் சமயத்தில் கிப்ட் பாக்ஸ் நுழையாத அலுவலகம் குறைவு. ஆனால் நடுவர் அழகுமீனா ஒரு கம்பி மத்தாப்பைக்கூட யாரிடமும் வாங்கமாட்டார் என்பது கோர்ட்டுக்கே தெரியும். சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தால், புஸ்வாணங்களுக்கு நடுவில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று. ஐம்பதாயிரம்.

10.50.

மதுரையிலிருந்து விஜிலென்ஸ் டி.எஸ்.பி. ஊர்க்காவலன் வந்து இறங்கினார். பெட்டி கிடைத்த செய்தி அவருக்கு வழியிலேயே வந்துவிட்டது. முந்தின நாள் தபாலில் வந்த மொட்டை மனு ஒன்று அவர் பையில் இருந்தது. இந்த மாதத்தில் அவர் கைக்கு வந்த மொட்டை மனுக்களில் இது நான்காவது. முழங்கால் வலியோடு மாடி ஏறும்போது, மனிதர்களுக்கு அடுத்தவரைக் கெடுப்பதைத் தவிர வேறு வேலையே இல்லையா என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

அழகுமீனா மனுவை வாங்கிப் படித்தார். கம்ப்யூட்டரில் அடித்திருந்தது.

'அடிப்படைச் சம்பளம் ரூ.27,700 மட்டுமே வாங்கும் இந்த நடுவர், பட்டாசு முதலாளிகளிடம் கைநீட்டி வாங்கிய பணத்தைத் தன் அறை அலமாரியின் அடித்தட்டில் ஒளித்துவைக்கிறார்.'

"வெள்ளிக்கிழமை சப்-ஜட்ஜ் பதவி உயர்வுப் பட்டியல் வருது சார்," என்றார். "மனு நிலுவையில இருந்தா என் பேரைத் தூக்கிருவாங்க. தாயில்பட்டியில எங்கம்மா பட்டாசு மருந்து ஒட்டுன கையோட சோறு பெசஞ்சு குடுத்துப் படிக்கவெச்சா. இப்படிப் பேரு வாங்கவா?"

இன்று புதன்கிழமை. இரண்டே நாள்தான் இருந்தது.

11.15.

"அடித்தட்டை எப்பம்மா கடைசியாப் பாத்தீக?" என்று வேலுத்தாயிடம் கேட்டார் ஊர்க்காவலன்.

"நேத்துக் காலையில சார்," என்றார் வேலுத்தாய். "கரையான் ஏறுதுன்னு எல்லாத்தையும் எடுத்துட்டு மருந்தடிச்சேன். சுத்தமாக் காலியா இருந்துச்சு."

ஊர்க்காவலன் மனு வந்த உறையைத் திருப்பினார். தபால் முத்திரை திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலைவரை இல்லாத பெட்டியைப் பற்றி ஒருவன் திங்கட்கிழமையே எழுதியிருக்கிறான். எழுதியவன்தான் வைத்தவன்.

செவ்வாயன்று நடுவர் பெஞ்சில் இருந்தபோது அறைக்குள் போனவர்கள் மூன்றே பேர். வாசலில் நிற்கும் டவாலி முனியராஜ், பெஞ்ச் கிளார்க் லட்சுமிகாந்தம், சட்டப் புத்தகம் எடுக்கப் போன வக்கீல் மணிகண்டராஜ். நடுவரோடு சட்டக் கல்லூரியில் படித்தவர் என்பதால் வக்கீல்களில் அவருக்கு மட்டும் அந்தச் சலுகை.

மூன்று பேரிடமும் ஊர்க்காவலன் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஜட்ஜம்மாவுக்கு என்ன சம்பளம் வரும்?"

முனியராஜ் யோசிக்கவே இல்லை. "ரெண்டு லட்சத்துக்குக் கொறையாது சார். காரு, வீடு, எல்லாம் சர்க்காருதான. எம்மகன் கம்பெனியில அட்டை ஒட்டிப் பன்னெண்டாயிரம் வாங்குதான்."

"நேத்து இந்த ரூமுக்கு வந்தவுகளை இன்னைக்குப் பாத்தீகளா?"

"வக்கீலய்யாவப் பாத்தேன். பாவம், பஸ்ஸுல இருந்து எறங்கி வேர்த்து விறுவிறுத்து ஓடியாராக. எப்பவும் பைக்குலதான் வருவாக."

லட்சுமிகாந்தம் பைசா சுத்தமாகச் சொன்னார். "புதுச் சம்பளக் கமிஷன்படி எழுபத்தேழாயிரத்து எண்ணூத்து நாப்பதுல ஆரம்பம். அம்மா வந்து ஏழாவது வருஷம். இன்கிரிமென்ட் சேத்து இப்ப பேசிக் தொண்ணூத்தி ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. படியெல்லாம் தனி. பில்லு போடுறது நான்தான் சார்."

மணிகண்டராஜின் கறுப்புக் கோட்டு தோளில் வெளுத்திருந்தது. "சம்பளமா? எனக்கெங்க சார் தெரியும்? நமக்கெதுக்கு அதெல்லாம்?"

"சரி. இந்தம்மா எதுவரைக்கும் மேல போவாங்க?"

"அஞ்சு வருஷம் சர்வீஸ் முடிஞ்சா சப்-ஜட்ஜுக்குத் தகுதி. அப்புறம் சீனியாரிட்டியில போனா டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜாக வயசு நாப்பத்தஞ்சு தாண்டிரும். துறைத் தேர்வு எழுதினாச் சீக்கிரம் போகலாம். ஹைகோர்ட்டெல்லாம் குடுப்பினை. அறுபதுல ரிட்டயர்மென்ட். அவளுக்கு... அவங்களுக்கு இப்ப முப்பத்தாறுதான். நெறையக் காலம் கெடக்கு." மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

ஊர்க்காவலன் நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்.

மாலை 3.20.

வக்கீல்கள் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், மணிகண்டராஜின் எதிரில் உட்கார்ந்தார்.

"பைக்கை எம்புட்டுக்கு வித்தீக?"

மணிகண்டராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊருல எவரைக் கேட்டாலும் அடுத்தவன் சம்பளத்துக்கு ஒரு தொகை சொல்லுவாக வக்கீல் சார். டவாலி சொன்னாரு, கிளார்க்கு சொன்னாரு. தெரியாதுன்னது நீங்க ஒருத்தர்தான். ரிட்டயர்மென்ட் வரைக்கும் மனப்பாடமாத் தெரிஞ்சவருக்கு முதல் மாசச் சம்பளம் மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

"சார்..."

"மனுவுல இருக்குற இருபத்தேழாயிரத்து எழுநூறை இப்ப எந்த ஜட்ஜும் வாங்கல. அது ஜட்ஜு பரீட்சை அறிவிக்கையில போட்டிருந்த பழைய விகிதம். எம்மகளும் அந்தப் பரீட்சைக்குத்தான் படிக்கா. அந்தத் தாளைப் பிரிட்ஜுல ஒட்டிவெச்சிருக்கா, தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் என் கண்ணுல படும். பில்லு போடுற கிளார்க்கு அந்தத் தப்பைப் பண்ணமாட்டாரு. ரெண்டு லட்சம்னு நினைக்குற டவாலியும் பண்ணமாட்டாரு. பரீட்சை எழுதி எழுதி அந்த நம்பரோடவே நின்னுபோன ஒருத்தருக்குத்தான் அது மனசுல இருக்கும். அந்த நம்பர் வாயில வந்துருமோன்னு பயந்துதான் தெரியாதுன்னீக."

மணிகண்டராஜ் எதிரில் விரித்திருந்த கேஸ் கட்டை மூடிவைத்தார்.

"நாப்பத்தெட்டாயிரத்துக்குப் போச்சு," என்றார் மணிகண்டராஜ். "ரெண்டாயிரம் கையில இருந்து போட்டேன். ஒரே புத்தகத்தைத்தான் சார் ரெண்டு பேரும் படிச்சோம். தீப்பெட்டிக் கம்பெனியில வேலை பாத்துட்டு லேட்டாக் காலேஜுக்கு வந்தவன் நான். மூணு தடவை நேர்முகம் வரைக்கும் போனேன். போன வருஷத்தோட வயசும் முடிஞ்சுபோச்சு. தெனமும் அவ வந்து உக்காரயில எந்திரிச்சு நின்னு தலை குனியணும். பொறுக்கல சார்."

"சப்-ஜட்ஜானா இங்கனயா இருக்கப் போறாங்க? மாத்திருவாங்கள்ல. அடுத்த மாசம் நீங்க எந்திரிச்சு நிக்கவே வேண்டியிருந்திருக்காது."

மணிகண்டராஜ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். இந்தக் கணக்கு மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

4.10.

ஊர்க்காவலன் மாடி ஏறினார். வலி இப்போது இடுப்புவரைக்கும் வந்திருந்தது. "அறிக்கையை நானே கையோட கொண்டுபோயி ராத்திரிக்குள்ள குடுத்துருதேன் அம்மா. உங்க பேரு பட்டியல்ல நிக்கும்," என்றார். பிறகு ஆளின் பெயரைச் சொன்னார்.

அழகுமீனா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாவட்டச் சட்ட உதவி மையத்தில் மாதச் சம்பள வக்கீல் வேலைக்கு மணிகண்டராஜைப் பரிந்துரைத்து அவர் எழுதிய கடிதத்தின் நகல் அது. கையெழுத்துக்குக் கீழே திங்கட்கிழமை தேதி இருந்தது.

"அன்னைக்கே அனுப்பிட்டேன். வேலை கெடைச்ச பெறகு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை அவர்கிட்டச் சொல்லிராதீங்க சார். தாங்கமாட்டாரு."

கீழே ஜீப்பில் இரண்டு காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மணிகண்டராஜ், ஊர்க்காவலன் ஏறும்வரை காத்திருந்து கேட்டார்.

"அவ என்னயப் பத்தி எதுவும் சொன்னாளா சார்?"

"ஒண்ணும் சொல்லல," என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார் ஊர்க்காவலன்.