நாணல் பிடுங்கிய மனை

காலையில் நன்றாக மூடிய கூடத்துக் கதவு, சாயங்காலம் தரையில் இடித்து நின்றது. “தச்சன் வேலை பார்த்த லட்சணம்!” என்று உறுமினார் இன்ஜினியர். கதவில் கோளாறில்லை, தரைதான் வீங்கியிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: “அக்கா வீட்டுக்குப் போயிடலாங்க. உள்ளங்கால்ல கீழேருந்து யாரோ முட்டுறாங்க.”

“இடத்த மனை போட்டு வித்த நானே ஓடினா மீதி மனைய எந்த மடையன் வாங்குவான்? வேலையப் பாரு.”

ஏரி பெருகினால் தண்ணீரும் வடிந்தால் சேறுமாய், மீன் சினை வைக்கவும் நாரை கொத்தித் தின்னவும் மட்டுமே லாயக்காய்க் கிடந்த நிலம் இது என்பது அவர் கணிப்பு. அப்புறம் நாணல் அறுக்கிற கூட்டம் வந்து, கம்பு ஊன்றி அதன்மேல் குடிசை போட்டுக்கொண்டது. படுக்கவைத்தால் வெள்ளத்தில் மிதந்துவிடும் என்று பிணங்களைச் சேற்றில் நிற்கவைத்துப் புதைத்து, தலைக்கு மேல் ஆளுக்கொரு நாணல் நட்டது. செத்தும் உட்காரத் தெரியாத ஜென்மங்கள்! காலி செய்யச் சொன்னபோது அந்தக் கூட்டத்துப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எங்க ஆளுங்கள எடுத்துக்கிறோம் சார். ஒரு வாரம் கொடுங்க.”

“நிக்கட்டும்யா. அஸ்திவாரத்துக்கு ஆச்சு,” என்று சிரித்தபடியே நாணலைப் பிடுங்கி எறிந்து, லாரி லாரியாய் இடிபாட்டைக் கொட்டி மேடாக்கினார்.

இப்போது அந்தக் கூடத்தில், பினாயில் வாசனையையும் மீறிப் பச்சைச் சேற்று நாற்றம் எழுந்து தொண்டையில் ஒட்டியது. விளக்கு வெளிச்சத்தில் டைல்ஸ் வரிசையாய், தலை தலையாய்ப் புடைத்திருந்தது. கீழே, சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம். சளக்.

மறுபடி. சளக்.

சமையலறைப் பக்கம்.

அவர் குரல் கொடுத்தார். “ஏய்... கிளம்பு. போயிடலாம்.”

“எப்படிங்க வர்றது?”

ஓடினார். பாத்திரம் கழுவும் தொட்டி அவள் தலைக்கு மேலே இருந்தது. இடுப்புவரை தரைக்குள் நின்றாள். சுற்றிலும் டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. கைகளைப் பற்றி இழுத்தார். கீழேயிருந்தும் இழுத்தார்கள். அவசரமில்லாமல்.

“என் காலப் பிடிச்சு நேரா நிறுத்துறாங்கங்க...”

மார்பு. தோள். பிடி நழுவியது.

வாயும் மூக்கும் உள்ளே போய்விட்டன. கண்கள் மட்டும் தரைமட்டத்தில். அவரையே பார்த்தன.

இமைத்தன.