கப்பல் விடலாம்மா

காந்திமதி வீட்டுக் குக்கர் ஊரைக் கூட்டாமல் முடிச்சூரில் அந்தத் தெருவுக்குப் பொழுது சாய்ந்ததே கிடையாது. அன்று சாயங்காலம் ரோஹிணி தன் இரண்டாவது மாடி ஜன்னல் வழியே பார்க்கிறாள்: எதிர்வீட்டு அடுப்பில் குக்கரின் வெயிட் துள்ளுகிறது, ஆவி பீய்ச்சிக்கொண்டு கிளம்புகிறது, பருப்பு வேகும் வாசனைகூட ஈரக்காற்றில் ஏறி மூக்கைத் தொடுகிறது. விசில் மட்டும் இல்லை. மழை சன்ஷேடில் அடிப்பது துல்லியமாகக் கேட்கிறது. ஆக, காதில் கோளாறு இல்லை.

அடுப்பருகே காந்திமதியையும் காணோம். கரண்டி மட்டும் தானாக மேலே எழும்பியதுபோல் இருந்தது. ஆவியில் கண் ஏமாந்திருக்கும் என்று கம்ப்யூட்டருக்குத் திரும்பினாள். நிம்மதியாகத்தான் இருந்தது, பாவம்.

ரோஹிணியின் சமாசாரம் தெருவே அறிந்ததுதான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளில் எந்த நோய்க்கு எந்த நம்பர் என்று கோடு போடும் மெடிக்கல் கோடிங் வேலை, வீட்டிலிருந்தபடியே. வேலைக்கு ஒரு ஜன்னல் திறந்திருந்தால், யார் எந்தப் புடவையில் எங்கே போனார்கள் என்று பார்க்க மிச்சமெல்லாம் திறந்திருக்கும். இன்றைக்குள் பாக்கியை முடிக்காவிட்டால் நாளை லாகின் இருக்காது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதனால் காலையில் இலவசமாகக் கிடைத்த ஒரு பூட்டு ஆப்பை இறக்கிக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப் எல்லாம் அடைபட்டன. இதற்கு முன் போட்ட பூட்டுகளைக் காபி ஆறுவதற்குள் அவளே திறந்திருக்கிறாள். பாஸ்வேர்டு அவளுக்குத்தானே தெரியும்? இந்த முறை கண்ணைப் பொத்திக்கொண்டு, கணவன் ஷ்யாம்சுந்தரை டைப் பண்ணச் சொன்னாள்.

"கால்ல விழுந்தாலும் சொல்ல மாட்டேன், பாத்துக்கோ."

"விழமாட்டேன். கெஞ்சுவேன். அப்பவும் சொல்லாத."

அவன் சிறுசேரி ஆபீசுக்குப் பைக்கை எடுத்தான். திரையில் ஒரு கட்டம் திறந்தது: 'வேறு எது உங்கள் கவனத்தைக் கலைக்கிறது?' சேர்க்கப் பாஸ்வேர்டு வேண்டாம். எடுக்கத்தான் வேண்டும்.

அந்த நேரம் பார்த்து எதிர் பால்கனியிலிருந்து குரல் வந்தது. "இன்னா ரோஹிணி, ராத்திரி ஒரு மணிக்கு என் போட்டோவுக்கு லைக் போட்டுகினு கீற! தூக்கம் வர்லியா, வூட்டுக்காரரோட சண்டையா?"

காந்திமதி என்று அடித்தாள். கை அரிப்பு அடங்கவில்லை. 'இந்தத் தெரு முழுக்க' என்றும் அடித்தாள். மத்தியானம் ஷ்யாம் போன் பண்ணி கேஸ் சிலிண்டர் வந்ததா என்று மூன்றாம் தடவை கேட்டான். அவனையும் சேர்த்தாள். அதற்கப்புறம் போன் அடிக்கவே இல்லை.

இப்போது, இந்தச் சாயங்காலத்தில், முழங்கையை மகள் மாலுவின் சின்னக் கை இழுத்தது. மழைக்குப் பள்ளி லீவு.

"அம்மா, கீழ தண்ணி நிக்குது. கப்பல் விடலாம்மா."

"அப்பறம்."

"ஒரே ஒரு தடவை பாரேன். அம்மா, பாரேம்மா!"

எதிர்வீட்டுக் குக்கர் நினைவுக்கு வந்தது. அரை மனசுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் விரல் நிற்கவில்லை. 'மாலு'. என்டர்.

"அம்மா, பா"

அவ்வளவுதான். முழங்கையில் இருந்த சூடு போய்விட்டது.

கோபித்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலை பறந்தது; ஃபேன் முனகலும் மழையின் ஒரே சீரான இரைச்சலும் சுவர்களிலிருந்து கசிந்த பூஞ்சை வாசனையும் சேர்ந்து அறையை ஒரு மூடிய டப்பா போலாக்க, ரிப்போர்ட் மேல் ரிப்போர்ட்டாக அவள் முடித்துத் தள்ளினாள். இப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

கீபோர்டின் மேல் காகிதக் கப்பல் ஒன்று இருந்தது. முன்பு இல்லை.

நைட்டியின் கை இழுபட்டது. துணி நீண்டு, முறுக்கிக்கொண்டு, காற்றில் நின்றது. பிடித்திருந்த விரல்கள் இல்லை.

"மாலு?"

துணி தொய்ந்தது. கப்பல் எழும்பி, ஒரு குழந்தையின் மார்பு உயரத்தில் மிதந்தபடி ஹாலுக்குப் போனது.

ரோஹிணி பட்டியலைத் திறந்து பெயரை அழிக்கப் பார்த்தாள். பாஸ்வேர்டு கேட்டது. ஷ்யாமைப் போனில் கூப்பிட்டாள். எடுத்துவிட்டான், திரையில் நொடிகள் ஓடின. சத்தம் இல்லை. மூச்சுகூட இல்லை.

"பாஸ்வேர்டு சொல்லு! கெஞ்சறேன் ஷ்யாம், சொல்லு!"

நொடிகள் ஓடின. சொல்லிக்கொண்டிருக்கிறானோ, கத்திக்கொண்டிருக்கிறானோ, காலையில் தந்த வாக்கைக் காப்பாற்றுகிறானோ. "மெசேஜ் அனுப்பு!" மெசேஜ் வந்தது. காலியாக. இன்னொன்று. அதுவும் காலி.

ஹாலில் பிளாஸ்டிக் ஸ்டூல் நகர்ந்தது. சத்தமில்லாமல். பால்கனியை நோக்கி.

ஓடினாள். ஈரத் தரையில் சின்னப் பாதத் தடங்கள். ஸ்டூல் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றது. சுவரின் மேல் கப்பல். இரண்டு கையாலும் வாரி அணைத்தாள்.

காற்று.

மறுபடி அணைத்தாள். வெறும் மழை.

கப்பல் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டது. எட்டி. இன்னும் எட்டி.

ஸ்டூல் கவிழ்ந்தது.

அறைக்குள் கம்ப்யூட்டர் மணி அடித்தது. திரையில் பச்சை எழுத்து: 'அருமை. இன்று எதுவும் உங்கள் கவனத்தைக் கலைக்கவில்லை.'

கீழே குடைகள் வந்தன. கறுப்பு, பூப்போட்டது, காந்திமதியின் சிவப்பு. ஒவ்வொரு வாசலிலிருந்தும் தள்ளாடி ஓடி வந்தன. அடியில் ஆளில்லை. சத்தமில்லை. தெருத் தண்ணீரில் வட்டமாகக் கூடி நின்றன.

பிறகு, எல்லாக் குடைகளும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து அவளைப் பார்த்தன.

வட்டத்தின் நடுவில் ஒன்றும் இல்லை. தண்ணீரெங்கும் மழைத்துளிகள் பொட்டுப் பொட்டாகக் குதித்தன. ஒரு சின்ன இடத்தில் மட்டும் குதிக்கவில்லை. மிதந்து வந்த காகிதக் கப்பல் அந்த இடத்தின் ஓரத்தில், எதன் மேலோ முட்டி, நின்றது.