கடைக்கண் பார்க்காத பெண்

தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர்... ஜப்பானின் தொயாமா நகர டேபிள் டென்னிஸ் போட்டியில் யாரும் தப்ப முடியாத சட்டம் இது. முதல் சுற்றிலேயே தோற்றுப்போன சயோகோ, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நடுவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

உட்காரும்போதே உள்ளூர உதறல். விளையாடும்போதாவது கண்ணை நேரே வைத்துச் சமாளித்துவிடலாம். நடுவரின் கண்ணோ பந்தோடு ஓட வேண்டும். இடது... வலது... இடது... கண்மணி பக்கவாட்டில் நகரும் ஒவ்வொரு முறையும் அவள் தலைக்குள் ‘ஷான்’ என்று ஒரு சத்தம், கூடவே சுரீரென்று ஒரு மின்சாரம். மூன்று வருடமாகச் சாப்பிட்டு வந்த மனச்சோர்வு மாத்திரையை டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் கூடவே இருந்த மாத்திரை சும்மா போகுமா? போகிற போக்கில் இப்படி ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகும் போலிருந்தது.

எழுந்து போய்விடலாம். உடம்பு சரியில்லை என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பந்தைப் பார்த்தாள்.

ஆட ஆரம்பித்தவர்களில் ஒருவன் நெடுநெடுவென்று உயரம். முதுகில் குத்தியிருந்த துணியில் ‘மட்சுகுரா’ என்று பெயர். மூன்றாவதும் கடைசியுமான செட்டில் வெற்றிப் புள்ளிக்காக அவன் ஓங்கி அடித்த பந்து மேசையின் ஓரத்தை உரசிக்கொண்டு பறந்தது... உரசியதா? சயோகோவுக்குத் தெரியாது. அந்த நொடியில் தலைக்குள் அடித்த அடியில் அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள்.

“ஓரத்துல பட்டுச்சு” என்றான் மட்சுகுரா.

எதிராளி தலையைச் சொறிந்தார். இருவரும் நடுவரைப் பார்த்தார்கள்.

“மன்னிச்சுக்குங்க... நான் பாக்கல.”

“பாக்கலையா?”

“கண்ணை மூடிட்டேன்.”

“நடுவர் கண்ணை மூடிக்கிட்டா நாங்க யாரைக் கேக்கறது... பந்தையா?” என்று கத்தினான் மட்சுகுரா.

அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடினார்கள். அதில் மட்சுகுரா தோற்றான். அதற்கடுத்த இரண்டிலும் தோற்றான். தோற்றவர்தானே நடுவர்... அவள் எழுந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அவனே அதில் வந்து உட்கார வேண்டியதாயிற்று.

சயோகோ போகுமுன் திரும்பி அவனைப் பார்த்தாள். கண்ணை மட்டும் திருப்ப முடியாதே... மேசை விசிறி மாதிரி முழுத் தலையையும் மெல்லத் திருப்பி, நேருக்கு நேராக, இமைக்காமல் பார்த்து, குனிந்து வணங்கினாள்.

செய்ததையும் செய்துவிட்டு முறைக்கவேறு செய்கிறாளே என்று நினைத்தான் மட்சுகுரா. ஆனால் என்ன கண்கள் அவை... கறுத்து, அகன்று, கொஞ்சமும் அசையாமல். கோபம் வீட்டுக்குப் போவதற்குள் தீர்ந்துவிட்டது. கண்கள் தீரவில்லை.

திங்கட்கிழமை காலை மழை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போக டிராமில் ஏறிய சயோகோ, வழக்கம்போல் ஓட்டுநருக்குப் பின்னால் போய் நின்றாள். சன்னலோரம் உட்கார்ந்தால் வீடும் கடையும் பக்கவாட்டில் ஓடும், கண்ணும் கூடவே ஓடும், தலைக்குள் சரவெடிதான். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மட்டும் ஊர் நேராக எதிரே வரும். நனைந்த தண்டவாளம், சிவப்பு விளக்கு, குடைகள்...

அன்று ஓட்டுநரின் கண்ணாடியில் ஒரு முகம் அவளைப் பார்த்து விழித்தது. வெள்ளைக் கையுறை, தொப்பி, நெடுநெடு உயரம்.

ஐயையோ... இவனா?

பின்வாசலில் ஏறி, முன்வாசலில் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் காசு போட்டுத்தான் இறங்க வேண்டும். ஓடும் வண்டியில் ஓட்டுநரோடு பேசக் கூடாது. ஆக, அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் காசு விழும் நேரம் மட்டும்தான்.

“நீங்க... நடுவர்” என்றான்.

“அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சுக்குங்க.”

பின்னால் ஒருவர் குடையால் லேசாக இடித்தார். அவள் இறங்கிவிட்டாள்.

மறுநாள் அவன் தயாராக இருந்தான். “இன்னைக்கும் என்னை முறைச்சுக்கிட்டே வந்தீங்க.”

“உங்களை இல்ல. பாதையைப் பாத்தேன்.”

“அது என் வேலைங்க.”

அதற்கு மறுநாள் அவள் முந்திக்கொண்டாள். “ஆறாவது நிறுத்தத்துல பிரேக் கொஞ்சம் முரட்டுத்தனமா போட்டீங்க.”

“நடுவர் சொன்னா சரிதான்.”

இப்படியே போயிற்று இலையுதிர் காலம் முழுக்க. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்... அதிகம் போனால் இரண்டு. கடையில் வாடிக்கையாளர்களிடம் “இடது பக்கம் பாருங்க... இப்ப வலது பக்கம்” என்று சொல்லிக்கொண்டே, நாளைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிப்பாள் சயோகோ. யோசிக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ராத்திரி தூக்கம் வராது. காரணமில்லாமல் சிரிப்பு வரும், காரணமில்லாமல் அழுகையும் வரும்.

அவளுக்கு அதில் சந்தோஷமில்லை, பயம்தான். மாத்திரையை விடும்போது என்னவெல்லாம் வரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தலைசுற்றல், வேர்வை, படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை... இவளுக்கு வந்திருப்பதும் அதேதானே? இதைப் போய்க் காதல் என்று எப்படி நம்புவது? மருந்து முழுக்க இறங்கியதும் இதுவும் கூடவே இறங்கிவிட்டால்... பாவம், அந்த மனிதன் என்ன ஆவான்? தான்தான் என்ன ஆவாள்?

ஒரு புதன்கிழமை மாலை, நிறுத்தத்தில் தலை சுற்றி அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மழை சாய்வாக அடித்தது. திடீரென்று அவள்மேல் மழை நின்றது. நிமிர்ந்தால் ஒரு குடை, குடைக்குக் கீழே தொப்பியில்லாத மட்சுகுரா. வேலை முடிந்து போகிறவன்.

“வண்டி வந்தா ஏத்திவிடவா... இல்ல, டாக்டரைப் பாக்கணுமா?”

“ரெண்டும் வேண்டாம். கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்.”

அவன் கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான். அதனாலேயே அவள் சொன்னாள். ஒசாகாவில் பார்த்த வேலை தன்னைப் படுக்கையிலிருந்தே எழுந்திருக்க முடியாமல் செய்தது... மாத்திரை தன்னைத் தூக்கி நிறுத்தியது... ஊருக்குத் திரும்பியதும் ஒரு தடவை தானாகவே ஒரேயடியாக நிறுத்திப் படாதபாடு பட்டது... இப்போது டாக்டர் துணையோடு படிப்படியாக இறங்குவது.

“கண்ணைத் திருப்பினா ஷான்னு அடிக்கும். மழைநாள்ல உங்க வண்டி மேல கம்பியில தீப்பொறி பறக்குமே... கிட்டத்தட்ட அது மாதிரி.”

அவன் குடையை இன்னும் அவள் பக்கம் சாய்த்தான். “அப்ப அன்னைக்கு நாற்காலியில...”

“ஆமா.”

“ஒவ்வொரு அடிக்குமா?”

“ஒவ்வொரு அடிக்கும்.”

“மூணு செட்டும் முழுக்க உக்காந்திருந்தீங்களே” என்றான். “நான் ஒரு புள்ளிக்காகக் கத்தினேன். ஹிரோதா சான்... உங்களை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்ல.”

‘சான்’ என்று மரியாதை போட்டு அழைக்கிறானே... தன் குடும்பப் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? போட்டிப் பலகையில் அன்றே தேடிப் பார்த்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மழையில் அவள் நெஞ்சு அடித்த அடியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவளுக்கே புரியவில்லை.

புதன்கிழமைகளில் நகர உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து ஆடுவது என்று முடிவாயிற்று. அங்கேதான் வந்தது வினை. இரண்டாவது வாரமே சயோகோ ஒன்றைக் கவனித்தாள். அவன் அடிக்கும் பந்தெல்லாம் அவள் நெஞ்சுக்கு நேராக, மெத்துமெத்தென்று வந்து விழுந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள்.

மட்டையை மேசைமேல் வைத்தாள். “நிஜமா ஆடுறீங்களா?”

“ஆடுறேனே...”

“ஓரத்துக்கு ஒரு பந்துகூட வரல.”

அவன் நெளிந்தான். “கண்ணுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“என் கண்ணு. என் கஷ்டம். உங்ககிட்ட சொன்னது தப்பாப் போச்சு.”

“அப்படி இல்ல ஹிரோதா சான்...”

“ஒசாகாவுல வேலையை விட்டப்ப எல்லாரும் இப்படித்தான் ஆனாங்க. மெதுவாப் பேசுவாங்க, எதையும் மறுத்துப் பேச மாட்டாங்க. அதுக்கப்புறம் யாருமே என்கூட நிஜமா ஆடல. நீங்களும் அப்படியே இருந்தா எனக்கு வேண்டாம்.”

காலணியை மாற்றிக்கொண்டு போயே போய்விட்டாள். மறுநாளிலிருந்து டிராம் இல்லை, பேருந்து. பேருந்தில் நேரே பார்க்க இடமில்லை. தலைக்குள் அடிக்கு மேல் அடி. அழுகை வேறு... கடையில் கண்ணாடிச் சட்டங்களைத் துடைக்கும்போதுகூடக் கண்ணீர் சொட்டியது. ஒரு வாரம் தூங்காமல், சாப்பிடாமல், கடைசியில் டாக்டர் யாமாகிஷி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் அறுபதை நெருங்கும் பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். “கடைசியா குறைச்சது உங்களுக்கு அதிகம். முந்தின அளவுக்கே திரும்பிப் போவோம்.”

“அப்ப நான் தோத்துட்டேனா?”

“வேகமா இறங்கிட்டீங்க, அவ்வளவுதான். கொஞ்சம் மேல ஏறி நின்னு மூச்சு வாங்கிட்டு, இன்னும் சின்னச் சின்ன படியா இறங்கலாம். எத்தனை மாசம் ஆனா என்ன... இவ்வளவு தூரம் வந்தது நீங்கதானே?”

சயோகோ தயங்கினாள். முழுத் தலையையும் திருப்பிச் சன்னலைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “டாக்டர்... ஒரு ஆளை நினைச்சா மட்டும் வர்ற படபடப்பு... அதுவும் மருந்தாலயா?”

டாக்டரின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும். “தெரியாது. பழைய அளவுக்குப் போனதும் மருந்தால வந்ததெல்லாம் ஒவ்வொண்ணா அடங்கும். அடங்காம எது மிஞ்சுதோ, அது உங்களுது.”

அவள் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினாள். முதலில் மின்சாரம் அடங்கியது. பிறகு வேர்வை. ஒருநாள் காலை எழுந்தபோது தலை சுற்றவில்லை. அழுகை நின்றது, பசித்தது, சோற்றுக் கிண்ணத்தை இரண்டாம் தடவை நிரப்பிக்கொண்டாள். ஒவ்வொன்று போகும்போதும் சந்தோஷப்பட்டாள்... கூடவே கலங்கினாள். அடுத்தது அவனாக இருந்துவிட்டால்?

தொயாமாவில் முதல் பனி விழுந்த மதியம், அவள் டிராமில் ஏறினாள். கூட்டமில்லை. ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். கண்ணாடியில் அவனுடைய கண்கள் ஒரு கணம் அவளிடம் வந்து, உடனே கடமையாகப் பாதைக்குத் திரும்பின. அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது... போனது. வண்டி கடைசி நிறுத்தத்தில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். திரும்பும் பயணத்துக்காக வண்டியின் மறுமுனையிலுள்ள ஓட்டுநர் இருக்கைக்குப் போக எழுந்தவன், அவளைக் கண்டு பாதி வழியில் நின்றான்.

“ஹிரோதா சான்... நான் உங்களைப் பாவம்னு நினைச்சு அப்படி ஆடல.”

“இருங்க. முதல்ல நான் சொல்லிடறேன்.” உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “மாத்திரையைத் திரும்பக் கூட்டியிருக்கேன். வசந்தத்துல மறுபடியும் குறைக்க ஆரம்பிப்பேன். மறுபடியும் தலை சுத்தும், அழுவேன், எரிஞ்சு விழுவேன்... சீக்கிரம் முடியற சமாச்சாரம் இல்ல.”

“எரிஞ்சு விழுங்க. நானும் திருப்பிக் கத்துவேன். ஓரத்துலயே அடிப்பேன்... போதுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள். “உங்களைப் பாத்தா நெஞ்சு அடிச்சுக்கும், தூக்கம் வராது. அது மருந்து விடறதால வர்றதுன்னு நினைச்சேன். அதான் சொல்லவே பயம்... இப்ப எல்லாம் அடங்கிடுச்சு, மட்சுகுரா சான். மின்சாரம் போச்சு, தலைசுத்தல் போச்சு, அழுகைகூடப் போச்சு. அது மட்டும் போகல.”

அவன் வெள்ளைக் கையுறையைக் கழற்றினான்... திரும்ப மாட்டினான்... திரும்பக் கழற்றினான். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

“எனக்கும் ரெண்டு மாசமா தூக்கமில்ல” என்றான் கடைசியில். “நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க டிராம்ல வராம நின்னதுலேர்ந்து சோறு இறங்கல. வேலைக்கு நடுவுல கண்ணு கலங்கி, மழைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.”

“ஐயோ...”

“நான் எந்த மாத்திரையையும் நிறுத்தல, ஹிரோதா சான். எனக்கு இருக்கறது நீங்க மட்டும்தான்.”

புறப்படும் மணி அடித்தது. அவன் வண்டியின் மறுமுனைக்கு நடந்தான். அவளும் கூடவே நடந்தாள்.