கடைசியாக இறங்குகிறவர்

மலை ஏறப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன்கள்கூட வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன். விடியும் முன்பே ஏறத் தொடங்கு. அட்டைப்பூச்சிக்குப் புகையிலையும் உப்பும் சேர்த்துத் துணியில் முடிந்துகொள். கீழே வெயிலடித்தாலும் மேலே மழை பெய்திருக்கும், ஓடைக்குள் உட்கார்ந்து சோற்றைப் பிரிக்காதே. மூன்று மணிக்கு மேகம் இறங்கும், அதற்குள் சோலைக்காட்டைத் தாண்டிவிடு. இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். ஒன்றை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. அதைச் சொன்னால் காளிராஜ் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

மச்சான் என் அக்கா சீனியம்மாளின் கணவர். இராஜபாளையத்தில் நாங்கள் இருவரும் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை லீவு. மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். மச்சானுக்கு மலைப் பைத்தியம், எனக்கு மச்சான் பைத்தியம்.

1987 ஐப்பசியில் ஒரு ஞாயிறு. முடங்கியார் ரோட்டில் இருட்டோடு சைக்கிள் மிதித்து அய்யனார் கோவிலுக்கு வந்து சேர்ந்தோம். சைக்கிளைப் பூட்டிவிட்டு, அய்யனாருக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டு ஏறினோம். அக்கா கொடுத்துவிட்ட புளியோதரை தூக்குவாளியில் இருந்தது.

சோலைக்காட்டுக்குள் வழி என்று ஒன்று கிடையாது. அதனால் மச்சான் கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை முழ நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு வருவார். போகும்போது கண் உயரத்தில் மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே போவோம். திரும்பும்போது கடைசியாக இறங்குகிறவர் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும்.

“நம்ம துணியப் பாத்துட்டு இன்னொருத்தன் உள்ள வந்து தொலஞ்சிறக் கூடாதுல்ல மாப்ள” என்பார்.

எப்போதும் அவர்தான் கடைசி. அவிழ்த்த துணியை இரண்டு விரலில் சுற்றி, முனையை உள்ளே செருகி, சின்னச் சின்னச் சுருளாகப் பையில் போடுவார். கம்பெனியில் சுருள் போட்டுப் பழகிய கை அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மலையில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரைக் கேட்டால் வேறு ஏதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். ‘ஓய்’ என்று ஒரு குரல் கொடுத்தால், பதிலுக்கு ‘ஓய்’ என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான்.

அன்று உச்சிப் புல்மேட்டில் சாப்பிட்டுவிட்டு இறங்கி, சோலையின் முதல் மரத்துக்கு வந்தபோதுதான் தூக்குவாளியை மேலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

“விடுங்க மச்சான், வேற வாங்கிக்கிடலாம்.”

“உங்கக்கா அவ ஆத்தா வீட்டுலேருந்து கொண்டாந்தது மாப்ள. நீ மெல்ல நட. செத்த நேரத்துல வாரேன்.”

அவர் புல்மேட்டில் ஏறிப் போனார். நீலக் கட்டம் போட்ட சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு மேகம் இறங்கியது.

முதல் மரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறையில் காத்திருந்தேன். அரைமணி, முக்கால்மணி. ஐந்தடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. ஈரப்பாசி வாடை. இலையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

“ஓய்!” என்றேன்.

“ஓய்.”

பதில் கீழேயிருந்து வந்தது.

மச்சான் குறுக்குவழியில் இறங்கி எனக்கு முன்னால் போய்விட்டார் என்றே நினைத்தேன். குரல் அவருடையதுதான். அப்படியானால் நான்தான் கடைசி ஆள். முதல் மரத்துக்குத் திரும்பிப் போய்த் துணியை அவிழ்த்தேன். அங்கிருந்து மரத்துக்கு மரம் அவிழ்த்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தொரு துணி. அவ்வப்போது குரல் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து பதில் வந்தது.

கோவிலுக்கு வந்தபோது மச்சானின் சைக்கிள் பூட்டியபடி நின்றது.

அங்கே யாரும் இல்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ‘மச்சான் எனக்கு முன்னால் இறங்கினார்’ என்று மட்டும் சொன்னேன். துணியை அவிழ்த்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. என் பேச்சை நம்பி ஊர்க்காரர்களும் காட்டு இலாகா ஆட்களும் இரண்டு நாள் கீழே ஓடை ஓடையாகத் தேடினார்கள். மூன்றாம் நாள்தான் மேலே போனார்கள். சோலையின் முதல் மரத்தடியில் தூக்குவாளி இருந்தது. கழுவித் துடைத்து, மூடி போட்டு வைத்திருந்தது. ஆள் இல்லை. வாளியை மட்டும் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

அந்த மரத்தடியில் நின்று அவர் துணியைத் தேடியிருப்பார். அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

உடம்பு கிடைக்கவில்லை என்று அக்கா தாலியைக் கழற்றவில்லை. வாசல் கதவுக்குக் கொண்டியும் போடவில்லை. “அவிய எந்நேரம் வந்தாலும் தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல” என்றாள். ஏழு வருடமாக ஞாயிறுதோறும் எனக்குக் கறி சமைத்துப் போட்டாள். நான் தலை நிமிராமல் தின்றுவிட்டு வந்தேன்.

1994, மறுபடியும் ஐப்பசி ஞாயிறு. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காட்டு இலாகா வாட்சர் சங்கையா வந்தார். அன்று தேடப் போனவர்களில் அவரும் ஒருவர். கையில் ஒரு துண்டுத் துணி.

“சோலையில மரத்துக்கு மரம் கட்டியிருக்கு தாயி. வருசா வருசம் பாக்கேன், அவுத்துப் போட்டா மறுபடி இருக்கு. எங்கயாவது போகும்னு பாத்தா, சுத்திச் சுத்தி அந்த மொத மரத்துக்கே வந்திருது. வழி தெரியாம சுத்துற மாதிரி.”

அக்கா துணியை வாங்கிப் பார்த்தாள். நீலக் கட்டம். ஓரத்தில் சிவப்பு நூல் தையல்.

“நீல நூலு இல்லன்னு நாந்தான் செவப்புல தச்சேன். இது அவிய சட்டை.”

ஏழு வருடத் துணி. சாயம் கொஞ்சமும் போகவில்லை. ஈரமாக இருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “ஏலே பொன்னு. நீங்க ரெண்டு பேரும் பேண்டேஜ் கட்டிக்கிட்டுத்தான போனிய. பொறவு ஏன்டா அவியளுக்கு வழி தெரியல?”

சோற்றில் கை இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். அவள் என் இலையை எடுத்து மடித்தாள். அதில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

“போய்க் கட்டு” என்றாள்.

அந்த நாற்பத்தொரு துணியும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன. மறுநாள் அவற்றோடு ஒரு பை நிறையப் புதுத் துணியும் எடுத்துக்கொண்டு, சங்கையாவோடு ஏறினேன். ஒன்பது மணிக்கு முதல் மரத்தடியில் நின்றோம். நல்ல வெயில். சுற்றிலும் நீலத் துணிகள், கண் உயரத்தில், என்னைப் பார்த்தபடி.

முதல் துணியைக் கட்டினேன். வழக்கத்தை மீறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

“காளிராஜ் மச்சான்! நான்தான் அவுத்தேன். இப்பக் கட்டுறேன். வாங்க.”

பறவைகள் கத்துவது நின்றது.

மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டு இறங்கினோம். பத்தாவது மரத்தில் சங்கையா என் முழங்கையைப் பிடித்தார்.

“திரும்பாத தம்பி.”

பின்னால், கொஞ்சம் மேலே, முடிச்சு அவிழும் சத்தம். ஈரத்துணி மரப்பட்டையில் உரசி இழுபடும் சத்தம்.

பிறகு ஒரு காலடி.

அடுத்த துணி அவிழ்ந்தது.

நான் கட்டக் கட்டப் பின்னால் அவிழ்ந்துகொண்டே வந்தது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் அதே தூரம். நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. கடைசியாக இறங்குகிறவர் அவசரப்பட மாட்டார். எனக்குப் பயம்தான். ஆனாலும் நான் அழுதது பயத்தால் அல்ல.

கோவிலைத் தாண்டினோம். சங்கையா அய்யனார் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தனியாக ரோட்டுக்கு வந்தேன். மாந்தோப்பு வேலியில் கட்டினேன், புளியமரங்களில் கட்டினேன், ஊர் வந்ததும் லைட் கம்பங்களில் கட்டினேன். டவுன் பஸ்ஸிலிருந்து என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்கள். மலை மேகம் ஊருக்குள் இறங்கி நான் பார்த்ததில்லை. அன்று எனக்குப் பின்னாலேயே ரோட்டில் வந்தது.

மூன்று மணிக்கு அக்கா வீட்டுக் கதவின் கொண்டியில் கடைசித் துணியைக் கட்டி, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே வெள்ளையாக இருந்தது, எதிர்வீடு தெரியவில்லை. வீடு முழுக்க ஈரப்பாசி வாடை.

தெருமுனைக் கம்பத்தில் ஒரு முடிச்சு அவிழும் சத்தம்.

பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் ஒன்று.

பிறகு எங்கள் கதவுக் கொண்டி மெல்ல ஆடியது.

வாசற்படியில் வெள்ளைச் சுருள்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு விரலில் சுற்றி, முனை உள்ளே செருகியது. நான் கட்டிய அத்தனையும் இருந்தன. அதற்கு இந்தப் பக்கம், அக்கா அன்று காலை மெழுகிய தரையில், ஈரமான காலடிகள். அவை என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போயிருந்தன.

அக்கா எழுந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி.

“நீ போ பொன்னு” என்றாள். “அவிய வந்துட்டாவ.”

நான் படி இறங்கியதும் ஏழு வருடமாகப் போடாத கொண்டியைப் போட்டாள். உள்ளே தூக்குவாளி மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

இது நடந்து நான்கு வருடமாகிவிட்டது. அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. வழியில் பார்த்தால் நின்று சுகம் விசாரிப்பாள். ஒரு நாள் ரேஷன் கடையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னோடு வந்தவளுக்குத் துணையாக வாசல் வரைக்கும் போனேன். உள்ளே வேறு யாரும் கிடையாது. தனியாக இருக்கிறவள்.

அவள் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள். உள்ளே கொண்டி விலகியது.

அவள் கடைக்குப் போகிற நேரம் பார்த்து எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நானும் போய்த் தட்டியிருக்கிறேன். ‘ஓய்’ என்று மெதுவாகக் குரல்கூடக் கொடுத்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் வந்து நிற்பது தெரியும். ஈரப்பாசி வாடை கதவிடுக்கில் வரும்.

எனக்கு மட்டும் திறப்பதில்லை.