மலை ஏறாத கம்ப்யூட்டர்

மூன்றாவது வளைவில் லாரியைத் திருப்பியபோது திரை பொட்டென்று இருண்டது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த விசிறியும் நின்றுவிட்டது.

"போச்சு! மறுபடியும் படுத்துருச்சு," என்று ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார் சித்தப்பா.

பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த வாண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் எழுதினாள்: 'சனிக்கிழமை. மலை. இருபதாவது நிமிடம்.' வாண்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வயது பத்து. எதையும் எழுதி வைக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

சித்தப்பா பஸ் டிரைவர். வேலை நாளெல்லாம் பஸ் ஓட்டுவார். லீவு கிடைத்தால் கம்ப்யூட்டர் விளையாட்டில் லாரி ஓட்டுவார். அதற்கென்றே மேசைமேல் ஒரு ஸ்டீயரிங் உண்டு. கீழே காலால் மிதிக்க நிஜ வண்டியில் இருப்பதுபோலவே பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் உண்டு.

"நாளெல்லாம் ஓட்டினது போதாதா தம்பி? தூக்கத்துல என்ன ஓட்டுவீங்க?" என்று அம்மா கேலி செய்வாள்.

"தூக்கத்துல நான் பயணி அண்ணி. ஜன்னலோர சீட்டு," என்பார் சித்தப்பா.

அவர் ஓட்டுவதைப் பார்க்க வாண்டுக்கு இரண்டு கண் போதாது. விளையாட்டில் யாரை இடித்தாலும் கேட்க ஆளில்லை. ஆனாலும் சித்தப்பா சிவப்பு விளக்கில் நிற்பார். பொம்மை மனிதர் ஒருவர் தெருவைக் கடந்தால், அவர் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை காத்திருப்பார்.

"அது வெறும் படம்தானே சித்தப்பா?"

"இருக்கட்டுமே. அவருக்கும் வீட்ல யாராவது காத்திருப்பாங்கல்ல?"

இந்தப் பயணத்தில் இன்னொரு லாரியும் உண்டு. அதை ஓட்டுபவர் கண்டக்டர் மாமா. பதினைந்து வருடம் சித்தப்பாவின் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இப்போது தூரத்து ஊரில், மகள் வீட்டில் படுக்கையில் இருக்கிறார்.

ஞாயிறு நான்கு மணி ஆனால் போதும். இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே பாதையில் கிளம்பிவிடுவார்கள். பத்து வாரமாக ஓட்டி மலையடிவாரத்துக்கு வந்தாயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் கடல். அதோடு பயணம் முடிந்துவிடும்.

ஆனால் போன ஞாயிறும் இதே மலையில்தான் கம்ப்யூட்டர் அணைந்தது. வரும் திங்கட்கிழமை மாமாவுக்குக் காலில் இரண்டாவது ஆபரேஷன். "அதுக்கு முன்னாடி கடலைப் பாத்துட்டா தெம்பா போவேன் டிரைவரே," என்று சொல்லியிருந்தார். லாரி நின்றுபோனதற்கு அவர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. அதுதான் சித்தப்பாவின் மனதை அறுத்தது.

ரிப்பேர் கடைக்காரரிடம் போனில் கேட்டார்கள். "கொண்டு வாங்க, பாத்துடலாம். நாலு நாள் ஆகும்," என்றார். நாலு நாள் கழித்துச் சரியாகி என்ன புண்ணியம்?

"எல்லாம் தூசி பண்ற வேலை," என்று அப்பா களத்தில் இறங்கினார். பெட்டியைத் திறந்து, பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். எல்லாரும் தும்மினார்கள். பிறகு வாண்டு உட்கார்ந்து அதே மலையில் ஒரு மணி நேரம் ஓட்டினாள். அணையவே இல்லை. அப்பா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஞாயிறு மதியம் சித்தப்பா உட்கார்ந்தார். மூன்றாவது வளைவு. பொட்!

அப்பா காலரை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எனக்கும் இந்த மலைக்கும் ஏழாம் பொருத்தம். மாமாவுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்," என்றார் சித்தப்பா. மேசைமேல் இருந்த போனை எடுத்தார்.

"இருங்க சித்தப்பா!" வாண்டு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நான் ஓட்டினா ஒரு மணி நேரம் ஓடுது. நீங்க ஓட்டினா இருபது நிமிஷம். அதே மலை, அதே லாரி. அப்போ வேற என்னமோ மாறுது."

அவள் மேசைக்கு அடியில் நுழைந்து பெட்டியைத் தொட்டாள். "ஐயோ, இதுக்குக் காய்ச்சல் அடிக்குது!"

பெட்டியின் முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் அம்மா கூட்டும்போது அது சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி இருந்ததை வாண்டு பார்த்திருந்தாள். இப்போது யார் தள்ளியது? யாரும் தள்ளவில்லை என்றார்கள்.

வாண்டு பெட்டியை முன்னே இழுத்து, அதன் ஓரமாகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். "இப்போ மறுபடியும் மலை ஏறுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"திரை இங்க மேல இருக்கு. நீ கீழ என்ன பாக்கப்போற?"

"உங்க காலை!"

சித்தப்பா ஓட்டினார். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார். பெட்டி டொக்கென்று ஒரு விரல் பின்னால் நகர்ந்தது. அடுத்த வளைவில் இன்னும் இரண்டு விரல். வளைந்து வளைந்து ஏறி மூன்றாவது வளைவுக்கு வருவதற்குள் பெட்டி கோட்டைத் தாண்டிச் சுவரில் முட்டி நின்றது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று எழுந்த வாண்டு மேசையில் தலையை இடித்துக்கொண்டாள். வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

வழவழத் தரையில் பிரேக் வழுக்கக் கூடாதென்று, சித்தப்பா அதைக் கம்ப்யூட்டர் பெட்டியோடு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். சமவெளியில் பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. மலையிலோ வளைவுக்கு வளைவு பிரேக். அதுவும் பஸ்ஸை நிறுத்திப் பழகிய கால்!

"பெட்டிக்குப் பின்னாடிதான் சூடு வெளிய போற ஓட்டை இருக்கு. அதைச் சுவர் அடைச்சுடுது. மூக்கைப் பொத்தினா யாருக்குத்தான் மூச்சு வரும்? அதான் அணைஞ்சுடுது," என்றாள் வாண்டு. "என் கால் சரியா எட்டவே எட்டாது. கட்டை விரலால தொடுவேன், அவ்வளவுதான். அதனால பெட்டி நகரல."

சித்தப்பா தன் காலையே பார்த்தார். "அப்போ கோளாறு என் கால்லதான். ஒரு வாரமா மனுஷனைக் காக்க வெச்சுட்டேனே."

"உங்க கால்ல ஒண்ணும் இல்ல சித்தப்பா. யாரையும் இடிக்கக் கூடாதுன்னுதானே அவ்வளவு பிரேக் போடறீங்க? பெட்டிதான் தப்பான இடத்துல இருக்கு."

சித்தப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அவள் தலையில் இடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டார்.

நான்கு மணிக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. எந்த ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்று வாண்டு நோட்டில் படம் வரைந்துகொண்டாள். அப்பா ஒயர்களைக் கழற்றினார். சித்தப்பா பெட்டியைத் தூக்கி, சுவரைவிட்டுத் தள்ளி, பக்கத்து முக்காலியில் வைத்தார். பிரேக்குக்கு முட்டுக்கொடுக்க அம்மா பரணிலிருந்து பழைய சூட்கேஸை இறக்கினாள். வாண்டு அதில் பழைய பேப்பர்களை அடைத்துச் சுவரோரமாகத் தள்ளினாள். பிறகு படத்தைப் பார்த்து ஒவ்வொரு ஒயராகச் செருகினார்கள்.

சரியாக நான்கு மணி. ஹெட்போனிலிருந்து வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது: "போலாம் ரைட்!"

மூன்றாவது வளைவு வந்தது. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். சூட்கேஸ் அசையவில்லை. திரை இருளவில்லை. அப்பா காலரில் கை வைத்தார், அம்மா முறைத்ததும் எடுத்துவிட்டார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால், மலை விலகி நீலமாகக் கடல் விரிந்தது. இரண்டு லாரிகளும் கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"வந்துட்டோம் டிரைவரே," என்றார் மாமா. மூக்கை உறிஞ்சினார். "யாரு சரி பண்ணினது?"

சித்தப்பா ஹெட்போனைக் கழற்றி வாண்டின் காதில் மாட்டினார்.

"நான்தான் மாமா. கீழ குனிஞ்சு பாத்தேன், தெரிஞ்சுது."

"நாளைக்கு என் காலைப் பாக்கற டாக்டரும் உன்னை மாதிரியே குனிஞ்சு பாக்கட்டும் கண்ணு. எனக்கு இப்போ பயம் போயிடுச்சு."

கடலில் அலை வந்து வந்து போனது. இருட்டத் தொடங்கியும், அந்தக் கம்ப்யூட்டரை அணைக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.