இரண்டு மணிக்கு இறங்கிய விமானம்

விமானம் தரையிறங்க இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கும்போதே கணவன் போன் செய்து, இறங்கிவிட்டேன் என்றான்.

"அதுக்குள்ளயாங்க?"

"ஆமாம்மா. க்யூல நிக்கிறேன், சத்தமா பேச முடியல."

அவனுக்குப் பின்னால் விமான நிலைய அறிவிப்பு ஒலித்தது. வைத்துவிட்டான்.

அவள் காய்ச்சலோடு மதியமே ஆபீஸிலிருந்து திரும்பிப் படுத்திருந்தாள். விமான டிக்கெட் போடுவதுதான் அவள் வேலை. "டிக்கெட்ல இருக்கிறது அந்த ஊர் மணிங்க, நம்ம மணி இல்ல" என்று தினம் பத்துப் பேருக்காவது சொல்வாள். அவன் காட்டிய டிக்கெட்டிலும் காலை எட்டு மணிக்குப் புறப்பாடு, இரண்டுக்கு வருகை. அந்த ஊர்க் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். ஏழாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம். இரண்டு மணி என்பது அங்கே. அவன் இங்கத்திய இரண்டு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் போனில் திறந்தாள். மஞ்சள் விமானம் கடலுக்கு மேலே இருந்தது. இன்னும் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்.

மூன்று வருஷத்தில் பதினொரு பயணம், ஒவ்வொன்றும் இரண்டு வாரம். டிக்கெட்டைக் கம்பெனியே போட்டுவிடும் என்பான். பதினொரு தடவையும் சரியாக இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டான். கவுண்டர் கூட்டத்தில் அவளும் சரி சரி என்று வைத்திருக்கிறாள். ஊருக்கே வகுப்பெடுப்பவள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். வேறொருத்தி இருப்பாள் என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. எங்கே இருக்கிறான் என்று தெரிந்தே ஆக வேண்டும்.

குளிரெடுத்தது. மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் கிறீச்சிட்டு ஓய்ந்து, தெருவில் ஒரு வண்டி தேய்ந்து மறைந்து, அறைக்குள் பீரோவின் நாப்தலின் வாசனையும் அவளுடைய மூச்சும் மட்டும் மிஞ்சின. அவனைக் கூப்பிட்டாள்.

"பெட்டி வந்துடுச்சாங்க?"

"இன்னும் இல்லம்மா."

அதே அறிவிப்பு. அதே பெண் குரல். காதில் ஒரு தடவை. தலைக்கு மேலே ஒரு தடவை.

பரணில்.

அழைப்பைத் துண்டித்தாள். மேலேயும் நின்றது.

காலையில் காய்ந்த சோப்பு சாயங்காலம் ஈரமாக இருந்ததைப் போன மாதம் அவனிடம்தான் போனில் சொன்னாள். "பல்லி குளிச்சிருக்கும்" என்று சிரித்தான். எத்தனை ராத்திரி, இதற்கு நேர் கீழே, தனியாக, விளக்கை அணைத்துவிட்டு.

செய்தி வந்தது.

"காய்ச்சல் மாத்திரை போட்டியா?"

காய்ச்சலை அவள் அவனிடம் சொல்லவில்லை.

எழ நினைத்தாள். அதற்குள் பரண் பலகை சத்தமில்லாமல் விலகியது. இருட்டிலிருந்து இரண்டு பாதங்கள் இறங்கின. விமானத்தில் குளிருமே என்று நேற்று அவள் வாங்கி மடித்து வைத்த பச்சைக் கம்பளிக் காலுறை. உள்ளங்காலெல்லாம் பரண் தூசி. அவை தடுமாறவில்லை. தேடவில்லை. பழகிய படியில் இறங்குவதுபோல பீரோவின் விளிம்பில் வந்து நின்றன.