நாற்பத்தொன்றாம் பக்கத்து அளவு

நூற்று இருபது ஆண்டுப் பழைய ‘பட்டறைத் தோழன்’ இதழின் நாற்பத்தொன்றாம் பக்கம், மின்னேடகம் என்னும் இணைய நூலகத்தின் திரையில் புத்தம்புதிதாய் மின்னியது. கறை இல்லை, கிழிசல் இல்லை. நடுவில் மூச்சுப்பொறி வால்வின் படம். பக்கத்திலேயே இடைவெளி 2.3 மில்லிமீட்டர் என்று அளவு. ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தம்பி செல்வின் நான்கு வருடமாக மூச்சுப்பொறியில்தான் கிடக்கிறான். அதைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். உதிரி பாகம் எங்கும் கிடைப்பதில்லை. வால்வில் விரிசல், பத்து நாள் தாங்கினால் பெரிது என்றார் மருத்துவர். மருத்துவமனைப் பொறிக்கோ வரிசையில் நானூறு பேர். கம்பெனிக்காரன் தன் வால்வைக் காப்பியடித்ததே இந்தப் பழைய படத்தைப் பார்த்துத்தான். படம் வரைந்த அந்தக் காலத்து மெக்கானிக் நன்றாக இருக்கட்டும் என்று வாயார வாழ்த்தினாள்.

தூத்துக்குடி லேத் பட்டறையில் அன்றே கடைந்து வாங்கினாள். பொருத்திய அரை மணியில் வால்வு ஒட்டிக்கொண்டது. மின்னேடகத்துக்குத் திரும்பி ‘ஒட்டாத வால்வு’ என்று தேடினாள். அதே இதழ், அதே பக்கம். இடைவெளி இப்போது 3.1. நாம்தான் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி செய்தாள். அது காற்றை ஒழுகவிட்டது. மூன்றாம் முறை அதே பக்கம் இடைவெளியை 2.7 என்றது. ஒன்பதாம் நாள் அந்த வால்வும் போயிற்று, திரும்ப மாட்டிய பழைய வால்வும் பிளந்தது.

அதற்குப் பிறகுதான், மின்னேடகத்தில் தன்கீழ் வேலை பார்க்கும் காசிராஜனை அழைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த இதழை ஸ்கேன் செய்தவன் அவன்தான்.

“அந்தப் பக்கத்துல அளவே கெடையாது மேடம். அந்த எடத்தப் பூச்சி தின்னுட்டு. நிறைவிதான் போட்டிருக்கும்.”

நிறைவி என்பது சிதைந்த பக்கங்களை ஊகித்து நிரப்பும் அறிவுப்பொறி. முன்பெல்லாம் ஓட்டை விழுந்த பக்கத்தைப் பார்த்து வாசகர்கள் பொரிந்து தள்ளினார்கள். குறையுள்ள ஒரு பக்கமும் வலையேறக் கூடாது என்று விதி வந்தது. அதன்பின் யார் எதைத் தேடி வருகிறாரோ அவருக்கு ஏற்றபடி நிறைவி ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பிக் கொடுக்கும். எல்லோருக்கும் ஏக சந்தோஷம். விருதுகூட வந்தது.

“ஓட்டைய ஓட்டைன்னே காட்டுவோம்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டிய,” என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அவன் குரலே உடைந்திருந்தது. அசல் தாள் இருக்கிறதா என்று கேட்டாள். ஸ்கேன் ஆன மறுவாரமே காகிதக் கூழ் ஆலைக்குப் போய்விட்டதாம். அந்த உத்தரவிலும் அவள் கையெழுத்துத்தான் இருந்தது.

இவ்வளவும் பேசும்போது ஜெசிந்தாவின் இடது கை, பொறிக்குப் பதிலாகச் செல்வினுக்கு மூச்சூட்டும் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து விடாமல் அமுக்குகிறாள். விரல்கள் மரத்துவிட்டன. செல்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போதும்க்கா.” உதடு மட்டும்தான் அசைந்தது.

அவளால் தாங்க முடியவில்லை. ஓட்டையின் ஓரத்தில் பாதி எண்ணாவது மிஞ்சியிருக்காதா? எதையும் நிரப்பாதே, உள்ளதை உள்ளபடி காட்டு என்று வலது கையால் திரையில் தட்டினாள்.

நிறைவி பணிவோடு பதில் தந்தது:

“மூலப் படிமம் அழிக்கப்பட்டுவிட்டது. தாங்கள் விரும்பினால் பூச்சி அரித்த பக்கம் போலவே வரைந்து தருகிறேன். ஓட்டை எந்த அளவில் வேண்டும்?”